எட்டுக் கணக்கும் ஏழைக் குமாஸ்தாவும்

"பாங்கிக்காரன் வேலை செய்வதில்லை!"

தேநீர்க் கடையிலே இந்தப் பேச்சு. பேருந்து நிலையத்திலே இந்தப் பேச்சு. சம்பளப் பணம் எடுக்க அரை நாள் கூலியை இழந்து, வரிசையிலே நின்று வந்த தொழிலாளத் தோழன் வாயிலும் இதே பேச்சு. "11 மணிக்குப் போனேன், கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றார்கள். 12 மணிக்குப் போனேன், கவுண்டரிலே ஆள் இல்லை என்றார்கள். 1 மணிக்குப் போனேன், வந்த காரியத்தைக் கேட்காமல், ‘இன்ஷூரன்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்களேன்’ என்றார்கள்!" இது அவன் முறையீடு.

கோபம் நியாயமானது, தோழர்களே! அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. உழைத்துச் சேர்த்த காசை உழைத்தவன் கையிலே கொடுக்க நாள் முழுவதும் காக்க வைக்கிற இடம், பளிங்குத் தரை போட்டிருந்தால் என்ன, குளிர்பதனம் செய்திருந்தால் என்ன, மக்கள் மன்றத்தின் முன்னே குற்றவாளிக் கூண்டிலேதான் நிற்க வேண்டும்.

ஆனால், கூண்டிலே யாரை ஏற்றுவது என்று பார்த்து ஏற்ற வேண்டாமா? நம் கண்ணுக்குத் தெரிகிறவன் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. ஆகவே, அவன்மீது பாய்கிறோம். அவன் பக்கத்து நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்தவன், பணம் எண்ண வேண்டிய கையிலே பாலிசிப் படிவத்தைத் திணித்தவன், ‘இன்று மாலைக்குள் இத்தனை’ என்று எங்கோ ஒரு மாடியிலே உட்கார்ந்து எண் எழுதியவன் — இவர்களெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, அவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஓர் ஊழியன் நன்றாக வேலை செய்வது எதனால்? செய்யாமல் போவது எதனால்? இதுதான் கேள்வி. மேலிடத்தாரைக் கேளுங்கள், இரண்டே மருந்துதான் அவர்கள் பெட்டியிலே இருக்கும். ஒன்று சவுக்கு, மற்றொன்று சர்க்கரை. செய்யாதவனை விரட்டு, செய்தவனுக்குப் பரிசு கொடு. கேட்பதற்கு எவ்வளவு எளிமை! எவ்வளவு இனிமை! மாட்டுக்குக்கூட மூன்றாவதாக ஒரு பிடி வைக்கோல் உண்டு. மனிதனுக்கு இரண்டே மருந்து!

இந்த இரண்டு மருந்தையும் குறையின்றி, கணக்கின்றிக் கொடுத்துப் பார்த்த ஒரு பாங்கியின் கதையைக் கேளுங்கள். நாட்டுப்புறக் கதையல்ல, நீதிமன்றமும் அரசாங்கமும் ஏட்டிலே ஏற்றி வைத்திருக்கும் கதை.

எட்டு என்ற மந்திரம்

அமெரிக்க நாட்டிலே வெல்ஸ் ஃபார்கோ என்றொரு பாங்கி. 1852-இல் தொடங்கியது. தலைமையிடம் சான் பிரான்சிஸ்கோ. தங்கம் தேடி மேற்கே ஓடிய கூட்டத்துக்குப் பணமும் சரக்கும் ஏற்றிச் சென்ற குதிரை வண்டிதான் இன்றும் அதன் சின்னம். பழம்பெருமைக்குப் பஞ்சமில்லாத பாங்கி.

அதன் முதலாளிமாருக்கு ஓர் ஆசை பிறந்தது. வாசல் ஏறி வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் 8 கணக்கு விற்றுவிட வேண்டும்! சேமிப்புக் கணக்கு ஒன்று, செக் கணக்கு ஒன்று, கடன் அட்டை ஒன்று, வீட்டுக் கடன் ஒன்று — இப்படியே 8. ஏன் 8? ஏழு ஆகாதா, ஒன்பது ஆகாதா? ஆங்கிலத்திலே ‘எட்டு’ என்ற சொல்லும் ‘மகத்தானது’ என்ற சொல்லும் ஓசையிலே ஒத்துப் போகின்றன! ஓசை நயத்துக்காக ஒரு கவிஞன் சொல்லைத் தேடுவான். ஓசை நயத்துக்காக ஊழியன் கழுத்திலே கயிறு மாட்டியவர்களை அங்கேதான் கண்டோம்.

மந்திரம் மேலே ஓதப்பட்டது. நடக்க வேண்டியவன் கீழே இருந்தான். ஒவ்வொரு கிளைக்கும் இன்றைய எண் இவ்வளவு என்று வந்தது. ‘எத்தனை ஆயிற்று?’ என்ற கேள்வி ஒரே நாளில் பலமுறை வந்தது. எண் முடியவில்லையென்றால் ஏச்சு; மாலையில் கூடுதல் நேரம்; அதற்கும் முடியவில்லையென்றால் வேலைக்கே உலை. முடித்தவனுக்குப் போனஸ், பாராட்டு, பதவி உயர்வு. சவுக்கும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைத்தன!

விளைந்தது என்ன? ஒரு குடும்பத்துக்கு 8 கணக்கு எதற்கு? வாடிக்கையாளனுக்குத் தேவையில்லை. தேவையில்லாததை விற்க முடியவில்லை. விற்காவிட்டால் வேலை இல்லை. ஊழியன் என்ன செய்வான்? வாடிக்கையாளனுக்குத் தெரியாமலே அவன் பேரில் கணக்குத் திறந்தான். அவன் கேட்காத அட்டையை அவன் பேரில் எழுதினான். இல்லாத மின்னஞ்சல் முகவரியை இட்டு நிரப்பினான். ஒரு கணக்கிலிருந்து பணத்தை எடுத்து, திறந்த பொய்க் கணக்கிலே போட்டுக் காட்டி, எண்ணை நிறைவேற்றினான். காகிதத்திலே பாங்கி செழித்தது. ‘பாருங்கள், எங்கள் ஊழியரின் செயல்திறனை!’ என்று பங்குதாரர்களிடம் பெருமை பேசப்பட்டது.

2013 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஏடு இந்தக் கொடுமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2015 மே திங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். 2016 செப்டம்பர் 8-ஆம் நாள் தீர்வு வந்தது: அபராதம் மொத்தம் 18.5 கோடி டாலர். அனுமதியில்லாமல் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் ஏறத்தாழ 20 லட்சம் என்று அன்று சொன்னார்கள். மறு ஆண்டு மீண்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, 35 லட்சம் வரை இருக்கலாம் என்றார்கள்.

அந்தத் தீர்வு வந்தபோது இன்னொரு எண்ணும் வெளியே வந்தது. அதை மனத்திலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 5,300 ஊழியர்களை இந்தக் குற்றத்துக்காக வேலையைவிட்டு நீக்கியிருந்தது பாங்கி! மிகப் பெரும்பாலோர் கவுண்டரிலும் கிளையிலும் இருந்த கீழ்மட்டத்தார். 5 ஆண்டுகள், தோழர்களே! நூறு பேர் நீக்கப்பட்டபோது, ‘நூறு பேர் கெட்டவர்கள்’ என்று சொல்லலாம். ஆயிரம் பேர் நீக்கப்பட்டபோதாவது, ‘கெட்டது ஆளா, ஆணையா?’ என்று கேட்டிருக்க வேண்டாமா? ஐயாயிரம் பேரை நீக்கிய பிறகும், நீக்கப்பட்டவன் நாற்காலியிலே அடுத்தவனை உட்கார வைத்து, அதே எண்ணைத்தான் அவன் கையிலே கொடுத்தார்கள்.

உண்மை பேசியவன் கதி என்ன? லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலே ஒரு மேலாளர், தம்கீழ் நடந்த மோசடியை மேலே எடுத்துச் சொன்னார். வேலை போயிற்று. 2017-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை, அவரை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும், 54 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

தலைமையிலே இருந்தவர் ஜான் ஸ்டம்ப். 2016 செப்டம்பர் 20-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் நிறுத்தி, எலிசபெத் வாரன் என்ற செனட்டர் அவரைக் கேள்விக்கணையால் துளைத்தார்: பழியைக் கடைநிலை ஊழியர் தலையிலே போட்டுவிட்டு, பணத்தை மட்டும் மேலே வைத்துக்கொண்டீர்களே என்று. அடுத்த மாதமே ஸ்டம்ப் பதவி விலகினார். கிடைக்க வேண்டியிருந்த 4.1 கோடி டாலர் பங்கு பறிக்கப்பட்டது. 2017-இல் இன்னும் 2.8 கோடி பறிக்கப்பட்டது. 2020-இல் 1.75 கோடி டாலர் அபராதமும், இனிப் பாங்கித் தொழிலே கூடாது என்ற தடையும் வந்தன. அதே 2020-இல் பாங்கி 300 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. கிளைகள் அனைத்துக்கும் தலைவியாய் இருந்த கேரி டோல்ஸ்டெட் 2023-இல் சோதனையாளரைத் தடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு.

பாங்கிக்குக் கிடைத்த தண்டனை வேறு. ‘இனிமேல் உன் சொத்து 1.95 லட்சம் கோடி டாலருக்குமேல் வளரக் கூடாது’ என்று 2018 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய பாங்கி கட்டுப் போட்டது. அந்தக் கட்டு அவிழ 2025 ஜூன் வரை 7 ஆண்டுக்குமேல் ஆயிற்று. எட்டு, எட்டு என்று ஓடியவர்கள் ஏழாண்டு முடங்கிக் கிடந்தார்கள்!

2016 அக்டோபரிலேயே விற்பனை எண்ணை எடுத்துவிட்டதாக அறிவித்தது பாங்கி. பாங்கி சாகவில்லை, கிளைகள் மூடிவிடவில்லை. அப்படியானால், எண் இல்லாமலும் நடத்தியிருக்கலாம் என்பது முதலிலேயே தெரியாதா?

ஒரு ரூபாய் வித்தை

அமெரிக்கனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. அதே 2016 செப்டம்பரில் நம் நாட்டு ஏடு ஒன்றிலே ஒரு செய்தி வந்தது.

2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் தொடங்கப்பட்டது. ஏழை வீட்டுக்கும் பாங்கிக் கணக்கு என்பது நல்ல நோக்கம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கோடிக்கணக்கிலே கணக்கு திறக்கப்பட்டபோது, பல கணக்குகளில் பைசா இல்லை. ‘ஏன் இத்தனை சைபர்க் கணக்கு?’ என்று மேலிருந்து கேள்வி வந்தது. கீழே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை இந்தியன் எக்ஸ்பிரஸ் ஏடு துருவிக் கண்டது. கணக்குக்கு 1 ரூபாய்! ஏழை போட்டதல்ல; பாங்கி அலுவலர்களே போட்டது. சிலர் சொந்தப் பையிலிருந்து போட்டார்கள். சிலர் கிளைச் செலவுப் பணத்திலிருந்து போட்டார்கள். சைபர் ஒன்றாயிற்று, மேலிடம் மகிழ்ந்தது, ஏழை ஏழையாகவே இருந்தான்.

கடல் கடந்த கலிபோர்னியாவிலே பொய்க் கணக்கு. நம் ஊரிலே பொய் இருப்பு. அங்கே தனியார் முதலாளி. இங்கே அரசாங்கப் பாங்கி. நிறம் வேறு, மொழி வேறு, சம்பளம் வேறு. நோய் மட்டும் ஒன்று. பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் ஆலோசகராக இருந்த சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலறிஞர் 1975-லேயே இதன் வேரைத் தொட்டுக் காட்டினார். அவர் கருத்தை நம் மொழியில் சொன்னால் இதுதான்: வேலையை அளக்க வைத்த அளவுகோலையே, இதை எட்டு, இல்லாவிட்டால் தொலைந்தாய் என்று ஆணையாக்கினால், அன்றிலிருந்து அந்தக் கோல் எதையும் அளக்காது. ஊழியன் கோலை வளைக்கக் கற்றுக்கொள்வான்; வேலை கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

எதற்குக் கூலியோ, அதற்கே உழைப்பு

‘அப்படியானால் பரிசே கொடுக்கக் கூடாதா? ஊழியனுக்கு ஊக்கமே வேண்டாமா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆராய்ச்சி அறிவே பதில் சொல்கிறது.

ஷான் கோல், மார்ட்டின் கான்ஸ், லியோரா கிளாப்பர் என்ற மூன்று அறிஞர்கள் நம் இந்திய வணிகப் பாங்கிகளின் கடன் அலுவலர்களை வைத்தே ஒரு சோதனை நடத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுதொழில் கடனுக்காக வந்த உண்மையான விண்ணப்பங்களைக் கொடுத்து, ‘கொடுக்கலாமா, கூடாதா, சொல்லுங்கள்’ என்றார்கள். ஒரு சாராருக்கு, கொடுக்கிற ஒவ்வொரு கடனுக்கும் காசு. இன்னொரு சாராருக்கு, கொடுத்த கடன் திரும்பி வந்தால் காசு. வாராக் கடனானால் வெட்டு.

எண்ணிக்கைக்குக் காசு வாங்கியவர்கள், வந்தவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். கடனின் தரத்துக்குக் காசு வாங்கியவர்கள், தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். நல்லதையும் கெட்டதையும் பிரித்தார்கள். பாங்கிக்கு லாபமும் கூடியது. அதே பரிசைப் பல மாதம் கழித்துத் தருவோம் என்றபோது அந்த ஊக்கம் குறைந்துபோயிற்று. தெரிகிறதா தோழர்களே? ஊழியன் சோம்பேறி என்றோ சுறுசுறுப்பானவன் என்றோ நெற்றியிலே எழுதி ஒட்டப்பட்டுப் பிறக்கவில்லை. எதற்குக் கூலி என்று முதலாளி எழுதுகிறானோ, அதைத்தான் ஊழியன் உற்பத்தி செய்கிறான். குப்பைக்குக் கூலி கொடுத்தால் குப்பை மலைபோல் குவியும். பிறகு, ‘ஐயோ, நாற்றம்!’ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊழியனை அடிக்க வருவது எந்த நீதி?

இன்னொரு சோதனையும் உண்டு. 2014-இல் ஸ்விட்சர்லாந்து அறிஞர்கள், ஒரு பெரிய பன்னாட்டுப் பாங்கியின் 128 ஊழியர்களைக் காசு சுண்டச் சொன்னார்கள். 10 முறை சுண்ட வேண்டும், விழுந்ததைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும், வென்றால் பணம். பாதிப் பேரிடம் முதலில் வீட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்கள். மறுபாதியிடம் பாங்கி வேலையைப் பற்றிப் பேசினார்கள். வீட்டை நினைத்தவர்கள் எழுதிய வெற்றி 51.6 சதவீதம் — ஏறத்தாழ நேர்மை. பாங்கியை நினைத்தவர்கள் எழுதியது 58.2 சதவீதம்! பணத்தாசை பிடித்தவனைத்தான் பாங்கி வேலைக்கு எடுத்தது என்று சொல்ல முடியாது. அவனே வீட்டை நினைத்தபோது நேர்மையாகத்தான் இருந்தான்.

‘பாங்கித் தொழிலே பாவத் தொழில்’ என்று உடனே முழங்கிவிடாதீர்கள். 2019-இல் வேறு அறிஞர்கள் மத்திய கிழக்கிலும் ஆசியாவிலும் இதே சோதனையைச் செய்து பார்த்தபோது, அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, கெடுப்பது தொழிலல்ல. அந்தந்தப் பாங்கியிலே மேலிருந்து கீழே இறங்குகிற பழக்கம். பானையிலே இருப்பதுதானே அகப்பையிலே வரும்?

50 நாள் சோதனை

இத்தனையும் சோதனைச் சாலையிலே நடந்தவை. நாடே சோதனைச் சாலையான 50 நாட்களை மறந்துவிட்டீர்களா?

2016 நவம்பர் 8, இரவு 8 மணி. 500 ரூபாய் நோட்டும் 1,000 ரூபாய் நோட்டும் நள்ளிரவோடு செல்லாது என்று அறிவிப்பு. புழங்கிய பணத்தின் மதிப்பிலே 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாக்காசு. ஒருநாள் மூடியிருந்து, 10-ஆம் நாள் பாங்கிக் கதவு திறந்தது. கதவுக்கு வெளியே கடல்! திருமண வீட்டார், மருந்து வாங்க வந்தவர், கூலி கொடுக்க வழியில்லாத சிறு முதலாளி, கூலி வாங்க வழியில்லாத தொழிலாளி — அனைவரும் வரிசையிலே. உள்ளேயோ போதிய புது நோட்டு இல்லை. புது 2,000 ரூபாய் நோட்டின் அளவே வேறு, ஏ.டி.எம். இயந்திரங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி அமைக்கும்வரை அவை அந்த நோட்டைத் தர முடியவில்லை. ‘இன்று இவ்வளவு கொடு’, ‘நாளை அவ்வளவு கொடு’, ‘விரலிலே மை வை’ என்று ஆணைமேல் ஆணை. காலையிலே வந்த ஆணைக்கு மாலையிலே திருத்தம்!

யார் முகத்தின்மீது விழுந்தது மக்களின் கோபம்? திட்டம் தீட்டியவர் முகத்தின் மீதா? கவுண்டர்க் குமாஸ்தாவின் முகத்தின்மீது! சனி, ஞாயிறும் திறந்து வைத்தார்கள். கதவை மூடிய பிறகு கணக்கு நேராகும்வரை இரவிலே உட்கார்ந்து எண்ணினார்கள். திரும்பி வந்த நோட்டு 99.3 சதவீதம் என்று ரிசர்வ் பாங்கியே 2018-இல் சொல்லிற்று. 15 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அத்தனைக்கும் கணக்கு எழுதி, வாங்கி வைத்தது பாங்கி ஊழியன்! அங்கங்கே சிலர் கறுப்புப் பணக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பிடிபட்டார்கள், உண்மை. அவர்களுக்காக நான் வாதாடவில்லை. நாடு முழுதும் நின்று உழைத்த லட்சக்கணக்கானவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு நோட்டுக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன் உண்டா? 8 என்ற மந்திரம் உண்டா? இல்லை! அந்தத் திட்டம் சரியா, தவறா என்பது வேறு வழக்கு. அதை வேறு நாளில் பேசுவோம். அந்த ஊழியனை நிற்க வைத்தது எது என்பதுதான் இன்றைய கேள்வி. செய்ய வேண்டிய வேலை என்னவென்று தெளிவாகத் தெரிந்தது. எதிரே நின்ற மனிதனின் தேவை கண்ணுக்கு நேரே தெரிந்தது. மேலாளர் முதல் கடைநிலை ஊழியர்வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து எண்ணினார்கள். டிசம்பர் 30-இல் முடியும் என்ற எல்லையும் இருந்தது. இந்த நான்கும் சேர்ந்தபோது, ‘வேலை செய்வதில்லை’ என்று நாம் ஏசுகிற அதே ஊழியன், மலையைப் புரட்டினான்.

கை, கருவி, குரல்

ஆனால், 50 நாள் தியாகத்தை ஆண்டு முழுதும் கேட்டால் அது தியாகமல்ல, சுரண்டல். ஊழியன் நாள்தோறும் நன்றாக வேலை செய்ய மூன்று வேண்டும்.

முதலாவது, கை. ஓய்வு பெற்றுப் போனவர் இடத்திலே ஆள் போடாமல், மூவர் வேலையை ஒருவர் தலையிலே கட்டிவிட்டு, ‘வேகம் போதாது’ என்று குற்றம் சாட்டுவது எப்படியிருக்கிறது? இரட்டை மாட்டு வண்டியிலே ஒரு மாட்டை அவிழ்த்து விற்றுவிட்டு, மிச்ச மாட்டைச் சாட்டையால் அடிப்பது போலிருக்கிறது.

இரண்டாவது, கருவியும் பயிற்சியும். கம்ப்யூட்டர் நின்றால் குமாஸ்தாவும் நிற்கத்தான் வேண்டும். பேரேட்டிலே எழுதிய காலத்திலே அவன் கையே கருவி. இன்று கருவி எங்கோ தலைமையகத்திலே. மக்களோடு பேசும் மொழியும் ஒரு கருவிதான். குமாஸ்தாக்களை மாநிலவாரியாக, வட்டார மொழி தெரிந்தவர்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். அலுவலர்களையோ நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்புகிறார்கள். ஊர் மொழி தெரியாத இளைஞனை ஒரு சிற்றூர்க் கிளையிலே உட்கார வைத்தால், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாய் இருந்தாலும், எதிரே நிற்கும் விவசாயக் கிழவியிடம் பயிர்க் கடனைப் பற்றி என்ன பேச முடியும்? குற்றம் அந்த இளைஞனுடையதல்ல. அவனைக் கற்பிக்காமல் அனுப்பியவனுடையது.

மூன்றாவது, குரல். ராபர்ட் காரசெக் என்ற அமெரிக்க அறிஞர் 1979-இல் ஒன்றை எடுத்துக் காட்டினார்: வேலைப் பளு மட்டும் மனிதனை ஒடிப்பதில்லை, பளுவும் அதிகம், அதைப் பற்றி முடிவு செய்யும் உரிமையும் இல்லை என்ற நிலைதான் ஒடிக்கிறது. ‘இந்த எண் இந்த ஊருக்குப் பொருந்தாது’ என்று கிளையிலே இருப்பவன் சொல்ல முடிய வேண்டும்; சொன்னதற்காக மறுநாள் மாற்றல் உத்தரவு வரக் கூடாது. மாற்றலே தவறென்று நான் சொல்லவில்லை. அர்ஜென்டினாவில் ஒரு பாங்கியை ஆராய்ந்தவர்கள் 2010-இல் எழுதினார்கள்: தான் மாறிப் போகும் நாள் நெருங்கினால், மறைத்து வைத்த கெட்ட கடனையும் அலுவலர் உண்மையாக எழுதி வைக்கிறார், அடுத்து வருபவர் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா! விதிப்படி அனைவருக்கும் வரும் மாற்றல் ஒழுங்கைக் காக்கும். வாய் திறந்தவனுக்கு மட்டும் வரும் மாற்றல், எல்லார் வாயையும் மூடும்.

சம்பளம் என்ற அடித்தளம்

‘பாங்கிக்காரனுக்கென்ன, நல்ல சம்பளம்!’ என்பார்கள். அந்தச் சம்பளம் வானத்திலிருந்து விழவில்லை. 1946-இல் கல்கத்தாவில் அகில இந்திய பாங்கி ஊழியர் சங்கம் தோன்றியது. போராடி, வழக்காடி, 1953-இல் சாஸ்திரி தீர்ப்பு, 1962-இல் தேசாய் தீர்ப்பு, 1966-இல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் என்று படிப்படியாக ஏறினார்கள். 2024 மார்ச்சில் கையெழுத்தான 12-ஆவது ஒப்பந்தம் 17 சதவீத உயர்வு தந்தது.

1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர், பிட்ஸ்பர்க் வட்டாரத்துக் கணக்கர்களையும் பொறியாளர்களையும் விசாரித்து ஒரு நூல் எழுதினார். சம்பளம் குறைந்தால் மனம் கசக்கும். ஆனால், மனம் மலர்வது செய்த வேலை பயனுள்ளது என்ற நிறைவாலும், பாராட்டாலும், பொறுப்பாலும் என்றார். வீட்டுக்கு அடித்தளம் எப்படியோ, வேலைக்குச் சம்பளம் அப்படி. அடித்தளம் இல்லாமல் வீடு நிற்காது. அடித்தளத்திலே மட்டும் யாரும் குடியிருக்கவும் முடியாது.

பரிசு கொடுக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கும் வழியுண்டு. 2020 நவம்பர் ஒப்பந்தத்திலே ஓர் ஏற்பாடு வந்தது. பாங்கியின் செயல்பாட்டு லாபம் முந்தைய ஆண்டைவிட 5 முதல் 10 சதவீதம் கூடினால் 5 நாள் சம்பளம். 10 முதல் 15 சதவீதமானால் 10 நாள். 15-க்கு மேல் 15 நாள். கவுண்டரில் இருப்பவனுக்கும் பங்கு, கதவருகே நிற்பவனுக்கும் பங்கு. கூடி உழைத்ததற்குக் கூடிப் பரிசு. பக்கத்து நாற்காலிக்காரனைப் பகைவனாக்குகிற பரிசைவிட இது மேல்.

நோக்கம் மாறினால் வேலையும் மாறும் என்பதற்கு நாட்டின் வரலாறே சாட்சி. 1969 ஜூலை 19-இல் 14 பாங்கிகள் நாட்டுடைமையாயின. அந்த ஆண்டு நாட்டிலே இருந்த வணிகப் பாங்கிக் கிளைகள் 8,262. சிற்றூர்களில் இருந்தவை 1,833 மட்டுமே. 1990-இல் மொத்தக் கிளைகள் 59,000-ஐத் தாண்டின. சிற்றூர்க் கிளைகளே பாதிக்கு மேல். ஆலை முதலாளிக்கும் பஞ்சு வியாபாரிக்கும் கணக்கெழுதிய தொழிலிலிருந்து, கறவை மாட்டுக்கும் கிணற்று மோட்டாருக்கும் கடன் எழுதும் ஊழியர் படை எழுந்தது. எழுதச் சொன்னார்கள், எழுதினார்கள்! அதிலும் எண் துரத்தி, திரும்பாக் கடன் குவித்த காலம் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. எண் நோக்கத்தை விழுங்கிய இடத்திலெல்லாம் அதே நோய்தான்.

நம் கடமை

சங்கத் தோழர்களுக்கு ஒரு சொல். வேலை செய்யாமல் சங்கத்தின் நிழலிலே படுத்திருப்பவன் எங்குமே இல்லையென்று மார்தட்டாதீர்கள். இருக்கிறான். அவனுக்குக் குடை பிடிக்கும் சங்கம், உழைக்கிற ஊழியனுக்குக் குழி வெட்டுகிறது. கிழவியைக் காரணமில்லாமல் அலைக்கழித்தவனை, மேலதிகாரி கேட்கும் முன்னே சங்கம் கேட்கட்டும். அப்போதுதான், ‘எங்கள் கிளைக்கு ஆள் போடு, பொருந்தாத எண்ணை எடு’ என்று சங்கம் கேட்கும்போது, வரிசையிலே நிற்கும் மக்கள் உடன் நிற்பார்கள்.

வரிசையிலே நிற்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை பாங்கிக்குப் போகும்போது எண்ணிப் பாருங்கள். கவுண்டர் எத்தனை, அதில் ஆள் எத்தனை? வந்த வேலைக்கு எத்தனை நிமிடம், விற்பனைப் பேச்சுக்கு எத்தனை நிமிடம்? கையெழுத்துப் போடும் முன் தாளிலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்காத பாலிசியைக் கடனோடு கட்டி நீட்டினால், வேண்டாமென்று சொல்லுங்கள். முறையீட்டை எழுதிக் கொடுங்கள். குமாஸ்தாவின் பேரை எழுதுவதற்கு முன்னே, காலி நாற்காலியின் எண்ணிக்கையை எழுதுங்கள். அந்தத் தாள் மேலே போகட்டும். மேலே இருப்பவன் படிக்கட்டும்.

வெல்ஸ் ஃபார்கோ கதையிலே கடைசியாக ஒரு பக்கம் இருக்கிறது. 2023 டிசம்பரில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரத்திலே, அந்தப் பாங்கியின் ஒரு சிறு கிளை ஊழியர்கள் ஓட்டுப் போட்டார்கள். சங்கம் வேண்டும் என்று 5 பேர். வேண்டாம் என்று 3 பேர். வென்றது சங்கம். அமெரிக்கப் பெரும் பாங்கிகளிலே நம் காலத்தில் இது முதல் வெற்றி என்று பேசப்பட்டது.

எட்டுக் கணக்கு விற்கச் சொல்லி ஏவப்பட்ட பாங்கியிலே, ஓட்டுப் போட்டவர்கள் எட்டுப் பேர்! 5,300 பேர் தனித்தனியே வெளியே துரத்தப்பட்டபோது கேட்காத குரல், எட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து எண்ணியபோது கேட்டது. ‘இந்த எண்ணை எழுதியது யார்? யாரைக் கேட்டு எழுதினாய்?’ என்று கேட்கும் உரிமை கவுண்டருக்குப் பின்னே இருப்பவனுக்கு வரட்டும். கவுண்டருக்கு முன்னே நிற்கும் நம் வேலையும் அன்றைக்கு நேரத்தோடு நடக்கும்.